பிரெஞ்சுத் தோட்டங்களின் வரலாறு – இயல் 5: வோ-லெ-விகோந்த் – தரைமட்டங்களின் கலை

பாரிஸ் நகரிலிருந்து தென்கிழக்கே ஏறத்தாழ 55 கிலோமீட்டர் தொலைவில், மெலன் நகரையடுத்த மேன்சி என்னும் சிற்றூரின் அருகே அமைந்துள்ள வோ-லெ-விகோந்த் மாளிகையின் தோட்டம், பிரெஞ்சு ஒழுங்குமுறைத் தோட்டக்கலை தன் முழு வடிவத்தை எட்டிய முதல் இடம் என்று தோட்ட வரலாற்றாசிரியர்களால் பொதுவாக ஏற்றுக்கொள்ளப்படுகிறது. அதன் உரிமையாளர் சிறைப்பட்டார், சிலைகள் பெயர்ந்தன, நீரூற்றுகளின் குழாய்கள் விலைபோயின, செடிகள் பலமுறை அழிந்து மீண்டும் நடப்பட்டன. ஆயினும் 1661இல் நிறைவெய்திய அதே தோட்டம் என்று இன்றும் அதைக் கூற முடிகிறதென்றால், அதன் அடிப்படை மண்ணை வெட்டியும் நிரப்பியும் அமைக்கப்பட்ட தரைமட்டங்களில் இருப்பதே காரணம். அந்த மட்டங்கள் எவ்வாறு உருவாயின, அவை கண்ணை எவ்வாறு ஆள்கின்றன, உடைமையாளர்கள் மாறிய காலங்களில் அவை எவ்வாறு நிலைத்தன என்பனவற்றை இவ்வியல் ஆராய்கிறது.

எட்டாம் சார்ல் மன்னர் தம் இத்தாலியப் படையெடுப்புக்குப் பின் 1495இல் அந்நாட்டுத் தோட்டக் கலைஞர்களை அம்புவாஸ் கோட்டைக்கு அழைத்துவந்த காலம் முதல், பிரெஞ்சுத் தோட்டங்கள் இத்தாலிய முறைகளைப் பின்பற்றியே வளர்ந்தன. ஆனால் இத்தாலியத் தோட்டம் மலைச்சரிவில் படிப்படியாக ஏறுவது. பிரான்சின் வடபகுதியோ பெரும்பாலும் சமவெளி. ஏற்றமில்லாத நிலத்தில் கண்ணுக்கு விருந்தளிக்க வேண்டிய நிலையில், பிரெஞ்சுக் கலைஞர்கள் தரையையே ஒப்பனை செய்யத் தொடங்கினர். மாளிகையின் மாடியிலிருந்து நோக்கினால் வடிவம் தெளிவாகப் புலப்படுமாறு தரையோடு தரையாக அமைக்கப்படும் அகன்ற பாத்திப் பரப்பைப் 'பார்த்தேர்' என்று அழைத்தனர். குட்டையாகக் கத்தரித்த பாக்ஸ்வுட் செடிகளைக் கொண்டு கொடியும் சுருளுமாக வரைந்து, இடைவெளிகளில் செங்கற்பொடியோ நிறமண்ணோ பரப்பி, பூத்தையல் போட்ட துணியின் தோற்றத்தைத் தரையில் கொணரும் வகை அதில் மிகச் சிறப்புடையது. தோட்டக் கலைஞர்களான மொலே குடும்பத்தார் இவ்வகையை வளர்த்தனர். 1638இல் வெளிவந்த ழாக் புவாசோவின் நூல் அதற்குரிய இலக்கணத்தை வகுத்தது. பார்த்தேர்களின் இருபுறமும் மரங்களைச் சுவர்போல நெருக்கி வளர்த்து, உள்ளே வெட்டவெளிகளை அறைகள்போல விட்டுவைக்கும் தோப்புகளுக்குப் 'போஸ்கே' என்று பெயர். இவ்வுறுப்புகள் அனைத்தும் 1650க்கு முன்பே வழக்கில் இருந்தன. இல்லாதிருந்தது, அவை யாவற்றையும் ஒரே நெடுங்கோட்டின் ஆட்சிக்குள் கொணரும் பேரமைப்பு ஒன்றே.

அத்தகைய பேரமைப்புக்கு வேண்டிய நிலமும் பணமும் துணிவும் ஒருவரிடம் ஒருங்கே சேர்ந்திருந்தன. 1615இல் பிறந்த நிக்கொலா ஃபூக்கே, தமது 26ஆம் வயதில், 1641இல் வோ பண்ணையை விலைக்கு வாங்கினார். 1650இல் பாரிஸ் நீதிமன்றத்தின் தலைமை அரச வழக்குரைஞராகவும், 1653இல் அரசின் நிதிக் கண்காணிப்பாளராகவும் அவர் உயர்ந்தார். போர்ச் செலவுகளால் கருவூலம் வறண்டிருந்த அக்காலத்தில், நிதிக் கண்காணிப்பாளர் என்பவர் தம் சொந்த நாணயத்தைப் பிணையாக வைத்து அரசுக்காகக் கடன் திரட்டுபவராகவும் இருந்தார். அரசின் பணம் எங்கே முடிகிறது, அவருடைய பணம் எங்கே தொடங்குகிறது என்று பிரித்தறிவது எளிதாக இருக்கவில்லை. கட்டடக் கலைஞர் லூயி லெ வோ, ஓவியர் சார்ல் லெ ப்ரூன், தோட்டக் கலைஞர் ஆந்த்ரே லெ நோத்ர் ஆகிய மூவரையும் ஒரே பணியில் இணைத்தது ஃபூக்கேயின் பெருஞ்செயல். கட்டடமும் ஓவியமும் தோட்டமும் தனித்தனியே திட்டமிடப்பட்டுப் பின்னர் அருகருகே வைக்கப்படாமல், தொடக்கம் முதலே ஒன்றையொன்று அறிந்து வளர்ந்தன.

மூவருள் இவ்வியலுக்கு முதன்மையானவர் லெ நோத்ர். 1613இல் பாரிஸில் பிறந்த அவருடைய பாட்டனாரும் தந்தையும் அரசரின் துய்லரித் தோட்டத்தில் பணிபுரிந்தவர்கள். மண்வெட்டியும் கத்தரிக்கோலும் குடும்பச் சொத்தாக வந்த இளைஞர், சீமோன் வுவே என்னும் புகழ்பெற்ற ஓவியரின் பட்டறையில் ஓவியமும் பயின்றார்; லெ ப்ரூனுடன் நட்புக் கொண்டதும் அங்கேயே. தூரத்தையும் ஆழத்தையும் தட்டையான பரப்பில் காட்டுவதற்கான தொலைநோக்கு விதிகளை அவர் அங்குக் கற்றார் என்பது அவரது பிற்காலப் பணிகளைப் புரிந்துகொள்வதற்கு இன்றியமையாத செய்தியாகும். ஓவியர் தட்டையான துணியில் ஆழத்தை உண்டாக்குகிறார். லெ நோத்ரோ உண்மையிலேயே ஆழமுடைய நிலத்தில், அந்த ஆழத்தைக் கூட்டியும் குறைத்தும் காட்ட அதே விதிகளைப் பயன்படுத்தினார்.

1656 முதல் பணிகள் விரைவு பெற்றன. வோ, மேசோன்-ரூழ், ழுமோ ஆகிய மூன்று குடியிருப்புகள் இடித்து அகற்றப்பட்டன. இடிக்கப்பட்ட வீடுகளில் வாழ்ந்தவர்களைப் பற்றி மாளிகையின் புகழைப் பாடிய ஏடுகள் ஏதும் பேசுவதில்லை. ஆனால் இத்தோட்டத்தின் நேர்கோடுகள் மக்கள் குடியிருந்த நிலத்தின் மீது வரையப்பட்டவை என்பதை வரலாறு மறக்கக்கூடாது. நிலத்தின் குறுக்கே ஓடிய ஆங்கோய் என்னும் சிற்றாறு கால்வாய்க்குள் திருப்பப்பட்டது. ஒரு கட்டத்தில் 18,000 பேர் இங்கு வேலை செய்தனர் என்று பல நூல்கள் கூறுகின்றன. ஆனால் 1657இன் தொடக்கத்தில் ஃபூக்கே எழுதிய மடல் ஒன்று வேறோர் அளவைத் தருகிறது. அண்டையில் வாழும் பெருமகன் ஒருவர் வோவுக்கு வந்து 900 ஆட்களை எண்ணிச் சென்று அதை அரசமாதாவிடம் கூறிவிட்டதாக அம்மடலில் வருந்தும் ஃபூக்கே, வாயில்களில் காவலர்களை நிறுத்திக் கதவுகளை அடைத்துவைக்குமாறும், செல்வர்கள் நாட்டுப்புறம் வரும் பருவத்துக்கு முன்பே வேலையை இயன்றவரை முடித்து, கண்ணில் படும் கூட்டத்தைக் குறைக்குமாறும் பணிக்கிறார். 900 பேர் என்னும் எண்ணே மறைக்கத்தக்கதாக அவருக்குத் தோன்றியது எனின், 18,000 என்பதை ஒரே நாளில் வேலையில் இருந்தோரின் தொகையாகக் கொள்ளாமல், ஆண்டுக்கணக்கில் வந்துபோனோர் அனைவரின் கூட்டுத்தொகையாகக் கொள்வதே பொருந்தும். எவ்வாறாயினும், தமது தோட்டம் பிறர் கண்ணில் பட்டால் ஆபத்து என்பதை அதன் உரிமையாளர் நான்கு ஆண்டுகளுக்கு முன்பே உணர்ந்திருந்தார் என்பதற்கு இம்மடலைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

இனித் தோட்டத்தின் அமைப்பு. அகழி சூழ்ந்த மேடையின் மீது மாளிகை நிற்கிறது. அதன் தென்புறப் படிகளின் உச்சியில் நின்று நோக்குபவருக்கு முன்னே, மாளிகையின் மையத்தைப் பிளந்து செல்லும் நேர்கோடு ஒன்றின் இருபுறமும் தோட்டம் முழுவதும் விரிகிறது. முதலில் பூத்தையல் பார்த்தேர்கள் இரண்டு. அடுத்து வட்டப் பொய்கை ஒன்று. அதன் பின்னே புல்வெளிகள். அதற்கும் அப்பால் சதுரப் பொய்கை. அப்பொய்கையின் கரையை ஒட்டியே எழுந்து நிற்பதுபோலத் தோன்றும் கல்முழைஞ்சுகளின் வரிசை. அதன் மேலே பச்சைச் சரிவில், கோட்டின் முடிவில், ஹெர்குலிஸ் சிலை. எல்லாமே ஒரே பார்வையில் அடங்கிவிட்டன, நடந்துசென்று காண்பதற்குப் புதிதாக ஏதுமில்லை என்னும் எண்ணம் அந்தப் படிகளில் நிற்பவருக்கு எழும். அவ்வெண்ணத்தை வேண்டுமென்றே எழுப்பி, நடக்க நடக்க அதை ஒவ்வொன்றாகத் தகர்ப்பதுதான் லெ நோத்ரின் நோக்கம்.

சமமான பரப்பில் ஒரே அளவுடைய இரு பொய்கைகளை முன்னும் பின்னுமாக வைத்தால், பின்னால் உள்ளது சிறுத்துக் காணப்படும்; அந்தச் சிறுமையே தூரத்தைக் கண்ணுக்கு உணர்த்தும். லெ நோத்ர் இவ்வியல்பை எதிர்த்திசையில் கையாண்டார். மாளிகையிலிருந்து விலக விலக உறுப்புகளைப் பெரியனவாக அமைத்தார். சதுரப் பொய்கை வட்டப் பொய்கையைவிடப் பன்மடங்கு பெரியது. ஆகவே படிகளில் நிற்பவரின் கண்ணுக்குத் தொலைவிலுள்ளவை சிறுத்துப்போவதில்லை. தோட்டம் தன் உண்மை நீளத்தைவிடக் குறுகியதாகவும், எளிதில் நடந்து முடிக்கத்தக்கதாகவும் தோன்றுகிறது. தோட்ட ஆய்வாளர்கள் இதனை மந்தப்படுத்திய தொலைநோக்கு என்று குறிப்பிடுகின்றனர். எதிர்முனையிலிருந்து திரும்பிப் பார்ப்பவருக்கு இதே ஏற்பாடு நேர்மாறான விளைவைத் தந்து, மாளிகையை இருப்பதைவிடத் தொலைவிற்குத் தள்ளுகிறது.

இரண்டாவது உத்தி தரைமட்டங்களைப் பற்றியது. கண்ணுக்குக் கீழே கிடக்கும் தளங்களில் தொலைவிலுள்ள பகுதிகள் மேலே உயர்ந்திருப்பதுபோலக் காணப்படும் என்பதை யூக்ளிட் தமது ஒளியியல் நூலில் நிறுவியிருந்தார். வோ தோட்டத்தின் மேடைகள் மாளிகையிலிருந்து தெற்கே படிப்படியாகத் தாழ்கின்றன. ஆனால் தாழ்வதாகக் கண்ணுக்குத் தெரிவதில்லை. ஒவ்வொரு மேடையின் விளிம்பும் அடுத்த மேடையின் தொடக்கத்தை மறைக்க, மறைந்த இடைவெளி இல்லாததாகவே கருதப்பட்டு, இரு பரப்புகளும் ஒட்டிக் கிடப்பதுபோலத் தோன்றுகின்றன. சதுரப் பொய்கையைத் தாண்டி நடந்தவுடன் இதன் முழுப் பொருளும் விளங்கும். பொய்கைக்குப் பின்னால் நிற்பதாகத் தோன்றிய முழைஞ்சுகள் உண்மையில் வெகு அப்பால் உள்ளன. இடையே நிலம் சட்டெனத் தாழ்ந்து ஒரு பள்ளத்தாக்காகிறது. அப்பள்ளத்தில், மாளிகையிலிருந்து சிறிதும் தெரியாதபடி, ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் நீளமும் 40 மீட்டர் அகலமும் உடைய பெருங்கால்வாய் ஒன்று குறுக்கே கிடக்கிறது. ஆங்கோய் சிற்றாற்றின் நீரைக் கொண்ட அக்கால்வாயின் ஒரு முனை வட்டமாக விரிவதால், நீண்ட கைப்பிடியுடைய வாணலியின் வடிவம் அதற்கு அமைந்தது. பிரெஞ்சு மக்கள் அதற்கு இட்ட பெயரும் வாணலி என்பதே. ஒரு கிலோமீட்டர் நீளமான நீர்ப்பரப்பைத் திறந்தவெளியில், சுவரோ மரமோ கொண்டு மறைக்காமல், தரையின் தாழ்வை மட்டுமே திரையாக்கி ஒளித்துவைத்த அந்த ஆற்றலுக்கு இணையான ஒன்றை அதற்கு முந்திய பிரெஞ்சுத் தோட்டங்களில் காண்பது அரிது. முழைஞ்சுகளை அடைய விரும்புபவர் கால்வாயைச் சுற்றிக்கொண்டுதான் செல்ல வேண்டும். அருகில் சென்றால், அங்கே டைபர் நதியையும் ஆங்கோய் சிற்றாற்றையும் உருவகித்த நீர்த்தேவர்களின் சிலைகள் சாய்ந்து கிடக்கின்றன. உரோமாபுரியின் பேராற்றுக்கு நிகராக ஒரு சிற்றோடையை நிறுத்திய அந்தத் துணிவு ஃபூக்கேயின் மனப்போக்கை நன்கு காட்டுகிறது.

சதுரப் பொய்கை இன்னொரு வியப்பையும் தன்னுள் வைத்திருக்கிறது. அதன் தென்கரையில் நின்று வடக்கே திரும்புபவருக்கு, ஏறத்தாழ அரைக் கிலோமீட்டர் அப்பால் நிற்கும் மாளிகை நீரில் தலைகீழாகத் தெரிகிறது. இடையிலுள்ள மேடைகளின் உயரம், நீர்மட்டம், நிற்பவரின் கண்மட்டம் ஆகிய மூன்றும் ஒன்றுக்கொன்று இசைந்திருந்தாலன்றி இத்தோற்றம் கிட்டாது. அசைவற்ற நீர் தேவைப்படும் என்பதால் இப்பொய்கையில் ஊற்று எதுவும் அமைக்கப்படவில்லை. வரைபடத்தில் வெறும் சதுரமாகத் தெரியும் ஓர் உறுப்பு, களத்தில் அத்தனை கணக்குகளின் விளைவாக நிற்பதை எண்ணும்போது, லெ நோத்ரைத் தோட்டக்காரர் என்றோ ஓவியர் என்றோ மட்டும் அழைப்பது போதாது. அவர் நில அளவையிலும் தேர்ந்தவர்.

நீர் வழங்கலைக் கவனித்தவர் குளோத் ரொபியார் என்னும் ஊற்றுப் பணி வல்லுநர். சுற்றியுள்ள மேட்டுநிலங்களின் ஊற்றுநீரைத் தேக்கங்களில் சேர்த்து, ஈயக்குழாய்களின் வழியே தாழ்ந்த மட்டத்திலுள்ள பொய்கைகளுக்குக் கொண்டுவந்து, எந்திர உதவியின்றி நீரின் எடையாலேயே அதை மேலே பீறிடச் செய்தனர். மையப் பாதையின் இருமருங்கிலும் நெருங்கி எழுந்த சிறு நீர்த்தாரைகள் பளிங்குக் கைப்பிடிச்சுவர்போல விளங்கின எனச் சமகாலத்தார் வியந்துள்ளனர். அந்தத் தாரைகள் இன்று இல்லை.

1661 ஆகஸ்ட் 17 அன்று ஃபூக்கே இளம் மன்னர் பதினான்காம் லூயிக்கு அளித்த விருந்து மிகப் பலரால் எழுதப்பட்டுவிட்டது. ஃபூக்கேயின் விருந்து மேலாளர் வத்தேலின் மேற்பார்வையில் உணவு படைக்கப்பட்டது. மொலியேரின் நடனம் கலந்த நாடகமான 'லெ ஃபாஷே' திறந்தவெளியில் முதன்முதலாக அரங்கேறியது. இரவில் வாணவேடிக்கை வானை நிறைத்தது. விருந்தில் கலந்துகொண்ட கவிஞர் லா ஃபோந்தேன் தம் நண்பருக்கு எழுதிய மடலில் அனைத்தையும் விரித்துரைத்தார். அந்த ஆடம்பரத்தைக் கண்டு பொறாமை கொண்ட மன்னர் ஃபூக்கேயை வீழ்த்தினார் என்னும் கதை நெடுங்காலமாக வழங்கிவருகிறது. கேட்பதற்குச் சுவையானதாயினும் இது முழு உண்மையன்று. அவ்வாண்டு மார்ச்சில் தலைமை அமைச்சர் மசாரின் இறந்ததுமே மன்னர் ஆட்சியைத் தம் கையில் எடுத்துக்கொண்டார்; ஃபூக்கேயின் கணக்குகளை மன்னரின் நிதி அலுவலர் கோல்பேர் இரகசியமாக ஆராய்ந்து வந்தார்; வழக்குரைஞர் பதவியில் இருப்பவரை அந்நீதிமன்றமே விசாரிக்க வேண்டும் என்னும் பாதுகாப்பு இருந்ததால், அப்பதவியை விற்றுவிடுமாறு ஃபூக்கே நயமாகத் தூண்டப்பட்டார்; விருந்துக்கு முன்பே அதை விற்றும் விட்டார். வலை முன்னமே விரிக்கப்பட்டிருந்தது. தோட்டம் குற்றத்தின் காரணமாகாமல் குற்றச்சாட்டின் சான்றாக மட்டுமே பயன்பட்டது. செப்டம்பர் 5 அன்று நாந்த் நகரில் தார்த்தாஞான் என்னும் படைத்தலைவர் அவரைக் கைது செய்தார். மூன்றாண்டு விசாரணைக்குப் பின் 1664 டிசம்பரில் நீதிபதிகள் நாடுகடத்தல் தண்டனை விதிக்க, மன்னர் அதை வாழ்நாள் சிறையாகக் கடுமையாக்கினார். ஆல்ப்ஸ் மலையடிவாரத்துப் பிஞெரோல் கோட்டையில் 1680இல் ஃபூக்கே இறந்தார். அவரை வீழ்த்தி நிதிப் பொறுப்பை ஏற்ற கோல்பேரின் முயற்சியால் அதே 1664ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட பிரெஞ்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியே, பத்தாண்டு கழித்துப் புதுச்சேரியில் காலூன்றியது என்பது தமிழ் வாசகர்கள் இங்கு நினைவுகூரத்தக்கது.

வோ தோட்டத்தின் அழகு துண்டு துண்டாக மன்னரின் வெர்சாய் மாளிகைக்குச் சென்றது. ஆரஞ்சு மரங்களும் சிலைகளும் திரைச்சீலைகளும் அரசுக்குப் போயின. ஃபூக்கேக்காக ஓவியர் நிக்கொலா பூஸ்ஸேன் உரோமில் செய்துகொடுத்த மாதிரிகளைக் கொண்டு செதுக்கப்பட்ட அரையுருவத் தூண்சிலைகளைப் பின்னாளில் லூயி விலைக்கு வாங்கினார். அவை இன்றும் வெர்சாய்ப் பூங்காவில் நிற்கின்றன. மேன்சியில் ஃபூக்கே தொடங்கிய திரைச்சீலை நெசவகத்தின் கலைஞர்கள் பாரிஸின் கோப்லேன் அரச நெசவகத்தில் சேர்க்கப்பட்டனர். லெ வோ, லெ ப்ரூன், லெ நோத்ர் மூவரும் மன்னரின் பணிக்குச் சென்றனர். எடுத்துச் செல்லக்கூடியவை அனைத்தும் சென்றன. மேடைகளையும் சரிவுகளையும் கால்வாயையும் மட்டும் வண்டியில் ஏற்ற இயலவில்லை.

1673இல் ஃபூக்கேயின் மனைவி மாளிகையைத் திரும்பப் பெற்றார். 1705இல் அது படைத்தளபதி விலார் கைக்கு மாறியது. 1764இல் ப்ராலேன் கோமகன் குடும்பத்தாரை அடைந்தது. அந்நூற்றாண்டில் நீரூற்றுகளைப் பேணும் செலவு தாங்கவொண்ணாததாகி, நிலத்தடியிலிருந்த ஈயக்குழாய்கள் பெயர்த்து விற்கப்பட்டன. பூத்தையல் பாத்திகள் மறைந்து புல் படர்ந்தது. பிரெஞ்சுப் புரட்சியைக் கடந்து வந்த மாளிகை, 1847இல் ப்ராலேன் குடும்பத்தில் நிகழ்ந்த கொலைத் துயரத்துக்குப் பின் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் கைவிடப்பட்டுக் கிடந்தது. மரங்கள் கட்டுக்கடங்காமல் வளர்ந்தன, பொய்கைகள் தூர்ந்தன.

1875இல் ஏலத்துக்கு வந்த மாளிகையை வாங்கிய அல்ஃப்ரெ சொமியே சர்க்கரை ஆலை நடத்திச் செல்வம் சேர்த்தவர். கட்டடக் கலைஞர் தெஸ்தாயரையும் தோட்டக் கலைஞர் எலி லெனேயையும் அமர்த்தி, 1908இல் தாம் இறக்கும் வரை மீட்புப் பணியில் ஈடுபட்ட அவருக்கு இரு பெருந்துணைகள் இருந்தன. ஒன்று, ஃபூக்கேயின் காலத்திலேயே இஸ்ரயேல் சில்வெஸ்த்ர் செதுக்கி அச்சிட்ட தோட்டக் காட்சிகளின் படத்தொகுதி. மற்றது, புதர்களை அகற்றியதும் வெளிப்பட்ட பழைய தரைமட்டங்கள். இவ்விரண்டில் இரண்டாவதே முதன்மையானது. ஏனெனில் பாத்தியின் சுருளைப் படத்தைப் பார்த்து வரைந்துவிடலாம், ஆனால் கால்வாயை மறைக்கும் அளவுக்குத் தரை எங்கே எவ்வளவு தாழ வேண்டும் என்பதைப் படம் சொல்லாது. லெ நோத்ர் திட்டத்தில் குறித்தும் ஃபூக்கேயின் வீழ்ச்சியால் வைக்கப்படாமற்போன ஹெர்குலிஸ் சிலை, ஃபார்னேசே ஹெர்குலிஸின் படியாக 1891இல்தான் கோட்டின் முடிவில் நிறுவப்பட்டது. அதாவது, இத்தோட்டத்தின் மையக்கோடு தன் முடிவிடத்தைப் பெற 230 ஆண்டுகள் ஆயின.

அல்ஃப்ரெயின் மகன் எத்ம் சொமியேயின் காலத்தில், ஆஷில் துஷேன் என்னும் தோட்டக் கலைஞர் 1923இல் பூத்தையல் பார்த்தேர்களை மீண்டும் உருவாக்கினார். மாளிகையைக் காண்போர் பலர் இவற்றையே லெ நோத்ரின் கைவேலை என்று எண்ணுகின்றனர். இவை பழைய அச்சுப்படங்களைத் தழுவிய, இருபதாம் நூற்றாண்டுக்குரிய மறுபடைப்புகள். அதனால் இவற்றின் மதிப்புக் குறைந்துவிடாது. முந்நூறு ஆண்டுகள் அதே செடி அதே வடிவில் வாழும் என்று எதிர்பார்ப்பது உயிருள்ள பொருளின் இயல்பை மறப்பதாகும். எனினும் எது 1661க்குரியது, எது 1923க்குரியது என்று பிரித்துக் கூறுவது வரலாற்றாசிரியரின் கடமை.

1968இல் தோட்டம் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. இன்றளவும் அது தனியார் உடைமையாகவே நீடிக்கிறது. அண்மை ஆண்டுகளில் ஐரோப்பா முழுவதும் பரவிய, கிழக்காசியாவைத் தாயகமாகக் கொண்ட அந்துப்பூச்சி ஒன்றின் புழுக்களும் பூஞ்சை நோயும் பாக்ஸ்வுட் செடிகளை அரித்தழித்ததால், துஷேன் நட்ட பாத்திகள் காப்பாற்ற முடியாத நிலைக்கு வந்து, 2019இல் வேரோடு அகற்றப்பட்டன. வெற்றிடத்தை நிரப்ப, அதே சுருள்களை நினைவூட்டும் அலுமினிய நாடாக்கள் தற்காலிகமாகத் தரையில் பதிக்கப்பட்டன. ஒளியைத் திருப்பியனுப்பும் அந்த உலோக நாடாக்களை ஏற்றோரும் உண்டு, மறுத்தோரும் உண்டு. பாக்ஸ்வுட்டின் இடத்தில் எந்தச் செடியை நடுவது, 1923இன் வரைபடத்தைத் தொடர்வதா, சில்வெஸ்த்ரின் படங்களுக்கு இன்னும் நெருங்கிச் செல்வதா என்னும் கேள்விகள் அந்நிகழ்வால் மீண்டும் எழுந்தன. பார்த்தேர்களின் எல்லைகளையோ, அவற்றைத் தாங்கும் மேடையையோ, தெற்கே தாழும் மட்டங்களையோ மாற்ற வேண்டும் என்னும் பேச்சுக்கு மட்டும் அவ்விவாதத்தில் இடமிருக்கவில்லை.